சொர்ணாக்கா ஏன் தலை குனிஞ்சா?

பூனை தலை குனிஞ்சு நின்னு பார்த்திருக்கீங்களா? சாப்பிடும்போது இல்ல, தூங்கும்போதும் இல்ல. சும்மா நிக்கும்போதே தாடை நெஞ்சுல முட்டுற அளவுக்குக் கழுத்து தொங்கி, கண்ணை மட்டும் மேல தூக்கி நம்மளப் பார்க்கிற மாதிரி. நான் அதை முதல்ல பார்த்தது போன வருஷம் ஆடி மாசம், ஹாஸ்டல் மாடிப்படியில உட்கார்ந்து, வீடியோ கால்ல. ஆயா வழக்கம்போல போனைத் தன் நெத்திக்கு நேரா பிடிச்சுக்கிட்டு, "பாரு பாப்பா, உன் சொர்ணா சாமி கும்பிடுறா"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வேற வச்சேன். சிரிக்கிற எமோஜி கொட்டுச்சு. இதைப் படிக்கிற உங்கள்ல சிலரும் போட்டிருப்பீங்க. தப்பா எடுத்துக்கல. எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்?

அவ சாமி கும்பிடல. கழுத்தைத் தூக்க அவளுக்குத் தெம்பு இல்ல. அவ வயித்துக்குள்ள, இடது கிட்னிக்குப் பக்கத்துல இருக்கிற அட்ரீனல்ங்கிற சின்ன சுரப்பியில ஒரு கட்டி இருந்துச்சு. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாசம் ஆச்சு. அந்த ஒரு மாசக் கதைதான் இது. (பிளஸ் டூ பரீட்சைக்கு அப்புறம் தமிழ்ல ரெண்டு பக்கத்தைத் தாண்டி நான் எழுதுறது இப்பதான். பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.)

எங்க ஊர் கண்ணமங்கலம். வேலூர்லேர்ந்து திருவண்ணாமலை போற பஸ்ல போயிருந்தா தாண்டியிருப்பீங்க. ஆடி வெள்ளியில படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போற கூட்டம் எங்க ஊர் வழியாத்தான் போகும். கடையில 'ஆரணிப் பட்டு'ன்னு நீங்க வாங்குறது ஆரணி டவுன்ல மட்டும் நெய்யிறது இல்ல. ஒண்ணுபுரம், தேவிகாபுரம் மாதிரி சுத்தி இருக்கிற ஊர்கள்லயும் தறி ஓடுது, எங்க வீட்டுலயும் ஓடுது. அப்பா குழித்தறியில உட்காருவார், அம்மா தார் சுத்துவாங்க, ஆயா எல்லாருக்கும் குறை சொல்லுவாங்க.

தறி இருக்கிற வீட்டுல பூனை செல்லப் பிராணி இல்ல, ஸ்டாஃப். எலி பாவுல ஒருதடவை பல்லை வச்சா போச்சு. அறுந்த இழையை ஒண்ணொண்ணா எடுத்து முடிச்சுப் போட்டு முடிக்கிறதுக்குள்ள ஒரு முழு நாள் போயிடும், கண்ணும் போயிடும். அந்த நாளுக்குக் கூலி யாரும் தரமாட்டாங்க. 2012-ல நான் மூணாவது படிக்கும்போது பக்கத்துத் தெருவுலேர்ந்து ஒரு குட்டியைத் தூக்கிட்டு வந்தேன். வந்த ஒரு மாசத்துல தெருவுல இருந்த ரெண்டு கடுவனையும் அடிச்சுத் துரத்திடுச்சு. அந்த வாரம்தான் டிவில 'தூள்' ஓடுச்சு. பேர் வைக்க யோசிக்கவே தேவைப்படல. சொர்ணாக்கா.

அவ வந்ததுலேர்ந்து எங்க பாவுல எலி வாய் வச்சதே இல்ல. தார்க் கூடையில குட்டியா இருக்கும்போது ஒருதடவை விளையாடி அப்பாகிட்ட அடி வாங்கினா. அதுக்கப்புறம் பதிமூணு வருஷம் பட்டு நூலை மோந்துகூடப் பார்க்கல. அப்பா மிதியை மிதிக்கும்போது பலகையில அவருக்குப் பக்கத்துல ஏறி உட்கார்ந்துக்குவா. அது அவளோட சீட்.

ஆடி மாசம் அந்த சீட்டுல அவளால ஏற முடியல. கீழ நின்னு பலகையைப் பார்த்துட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, அப்படியே தரையில படுத்துடுவாளாம். தண்ணி நிறைய குடிச்சா. பின்னங்கால் ரெண்டும் விரிஞ்சு, நடந்தா பாதம் முழுசும் தரையில பதிஞ்சுச்சு. "வயசாயிடுச்சு இல்ல"ன்னு அம்மா சொன்னாங்க. "பதிமூணு வயசு, பூனைக்கு அது கிழவி"ன்னு ஆயா சொன்னாங்க. தன்னைவிடக் கிழவியா ஒருத்தி வீட்டுல இருக்கிறதுல ஆயாவுக்குக் கொஞ்சம் சந்தோஷம்னுகூட எனக்குத் தோணுச்சு. பக்கத்து டவுன்ல ஒரு கிளினிக்குக்குத் தம்பி தூக்கிட்டுப் போனான். அவங்களும் அதையேதான் சொன்னாங்க: வயசு. ஒரு வைட்டமின் ஊசி, ஒரு டானிக். ரத்தம் எடுக்கல.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். உடம்பு சூடா இருக்கிற மாதிரி தெரியுதுன்னு ஆயா அரை பாராசிட்டமால் மாத்திரையைப் பால்ல கரைச்சு வச்சிருக்காங்க. தம்பி தற்செயலா எனக்கு போன் பண்ணிச் சொன்னான், நான் தற்செயலா கூகுள் பண்ணிப் பார்த்தேன். மனுஷனோட ஈரல் பாராசிட்டமாலை வெளியேத்துற மாதிரி பூனையோட ஈரலால முடியாது. அதுக்கான நொதி பூனைக்கு ரொம்பக் குறைவு. ரத்தச் சிவப்பணு கெட்டு, ஆக்ஸிஜன் தூக்க முடியாமப் போயிடும். ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொன்னுடலாம். "கொட்டுடா"ன்னு நான் கத்தினது ரெண்டு மாடிக்குக் கேட்டிருக்கும். மத்த எதை மறந்தாலும் இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அடுத்த வாரம் நான் ஊருக்குப் போனப்ப, சொர்ணா சுவத்துல முட்டுனா. கதவு எங்கன்னு தெரியாத மாதிரி நின்னா. வலது கண்ணுல கருவிழி முழுசா விரிஞ்சு, வெளிச்சத்துக்குக்கூட சுருங்கல. வயசானா இப்படி ராத்திரியோட ராத்திரியாவா கண்ணு போகும்?

காய்கறிக் கூடையில பழைய புடவையை மடிச்சுப் போட்டு, மேல வலை கட்டி, நானும் அப்பாவும் கிளம்பினோம். கண்ணமங்கலத்துலேர்ந்து வேலூர் பஸ், அங்கேர்ந்து காட்பாடி, காட்பாடியிலேர்ந்து ரயில். அப்பா தறியை ஒருநாள் நிறுத்தினா ஒருநாள் கூலி போச்சு. வரவேண்டாம்னு சொல்லியும் கேக்கல. வழி முழுக்க ஒரு கையைக் கூடைக்குள்ள விட்டுக்கிட்டே வந்தார். போன இடம் வேப்பேரி. 1903-ல ஆரம்பிச்ச சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கதான் இருக்கு. நம்ம ஊர்ல மாடு, ஆடு, நாய், பூனை எதுக்குப் பெரிய வியாதி வந்தாலும் கடைசியில எல்லாரும் சொல்ற பேர் அதுதான். காலையில அங்க நிக்கிற கூட்டத்தைப் பார்த்தா நம்ம மெஸ் வரிசை ஒண்ணுமே இல்ல.

எங்களுக்குக் கிடைச்சது ஒரு டாக்டரம்மா. கூடையைத் திறந்தாங்க. சொர்ணா தலையைத் தூக்கப் பார்த்தா, முடியல. டாக்டரம்மா அவ கழுத்துக்குக் கீழ ஒரு விரலைக் கொடுத்துத் தாங்கிக்கிட்டே, "எத்தனை நாளா இப்படி?"ன்னு கேட்டாங்க. அவங்க குரல் மாறினது எனக்குத் தெரிஞ்சுது. நாய்க்குக் கழுத்துல தலையைத் தாங்குற பலமான ஒரு நாண் இருக்காம், பூனைக்கு அது இல்லையாம். அதனால தசை பலம் போச்சுன்னா பூனைக்கு முதல்ல விழுறது தலை. "இது வயசு இல்லம்மா. பெரும்பாலும் பொட்டாசியம்"னு சொல்லிட்டு ரத்தம் எடுத்தாங்க. பரிசோதனை பண்றதுக்கு முன்னாடியே, கூடையைத் திறந்த ஒரு நிமிஷத்துல சொன்னது. நாலு வருஷமா இன்ஜினியரிங் படிக்கிறேன், ஒரு மெஷினைப் பார்த்து ஒரு நிமிஷத்துல நான் இப்படிச் சொன்னதே இல்ல.

அடுத்து பிரஷர். பூனைக்கு பிரஷர் பார்க்கிறது தனி சடங்கு. முதல்ல அமைதியான ரூம்ல பத்து நிமிஷம் சும்மா விடணும், இல்லன்னா பயத்துலயே ஏறிடும். அப்புறம் முன்னங்காலுக்கு ஒரு குட்டிப் பட்டை, பாதத்துக்கடியில ஜெல் தடவி டாப்ளர் கருவி. நம்ம ஸ்டெதாஸ்கோப் மாதிரி இல்ல, ரத்தம் ஓடுறது ஸ்பீக்கர்ல 'உஷ் உஷ்'னு கேக்கும். ஒருதடவை எடுத்தா நம்பமாட்டாங்க, முதல் அளவை ஒதுக்கிட்டு அஞ்சாறு தடவை எடுத்து சராசரி போடுவாங்க. பூனைக்கு 160-க்கு மேல போனா அதிகம், 180-ஐத் தாண்டினா கண்ணு, மூளை, கிட்னி, இதயம் எல்லாத்துக்கும் ஆபத்து. சொர்ணாவுக்கு 212. கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பார்த்தாங்க. வலது கண்ணுல விழித்திரை சுவத்துல காரை பேர்ந்த மாதிரி பின்னாலேர்ந்து கழண்டு நின்னுச்சு. அதான் முட்டியிருக்கா.

அப்பா அதுவரைக்கும் பேசல. அப்பதான் பாதி சிரிப்பா, "பூனைக்கே பிரஷர் பார்க்கிறாங்க. எனக்குப் பார்த்து மூணு வருஷம் ஆச்சு"ன்னார். டாக்டரம்மாவும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஸ்டேட்டஸுக்குச் சிரிச்ச மாதிரியே.

ரத்த ரிப்போர்ட்ல பொட்டாசியம் 2.4. பூனைக்கு 3.5-க்குக் கீழ போகக்கூடாது. தசை உடையும்போது ரத்தத்துல ஏறுற கிரியேட்டின் கைனேஸ் ஏகத்துக்கும் ஏறியிருந்துச்சு. வயசான பூனைக்குப் பொட்டாசியம் குறைய ரொம்ப வழக்கமான காரணம் கிட்னி கெடுறதுதான், அதனால முதல்ல அதைத்தான் பார்த்தாங்க. கிட்னி கொஞ்சம் அடி வாங்கியிருந்துச்சு, ஆனா இந்த அளவுக்குப் பொட்டாசியத்தைக் கொட்டுற மோசத்துல இல்ல. தைராய்டும் சரியா இருந்துச்சு. அப்புறம்தான் வயித்து ஸ்கேன். திரையில டாக்டரம்மா கர்சரை வச்சு அளந்தாங்க. வலது அட்ரீனல் நாலு மில்லிமீட்டர் தடிமன், ஒரு அவரைக் கொட்டை அளவுகூட இல்ல. இடது பக்கம் 19 மில்லிமீட்டர், உருண்டையா.

இனி நம்ம ஏரியா. உங்க வீட்டு மாடித் தொட்டியை நினைச்சுக்கோங்க. தண்ணி குறைஞ்சா மிதவை ஸ்விட்ச் இறங்கும், ரிலே ஒட்டும், மோட்டார் ஓடும். தொட்டி நிறைஞ்சா மிதவை ஏறும், ரிலே விடும், மோட்டார் நிக்கும். தேர்ட் இயர்ல கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல நாம அரியர் வச்சது இதுக்குத்தான். உடம்புல மிதவை ஸ்விட்ச் கிட்னி. ரத்த அழுத்தம் இறங்கினா அது ரெனின்னு ஒண்ணை விடும். ரெனின், ஆஞ்சியோடென்சின்னு ரெண்டு மூணு கை மாறி, தகவல் அட்ரீனலுக்குப் போகும். அட்ரீனலோட வெளித்தோல் ஆல்டோஸ்டீரோன்கிற ஹார்மோனை விடும். அதுதான் மோட்டார். அது கிட்னிகிட்ட, 'உப்பைப் பிடிச்சு வை, பொட்டாசியத்தை வெளிய தள்ளு'ன்னு சொல்லும். உப்போட தண்ணியும் நிக்கும், அழுத்தம் ஏறும். ஏறினதும் கிட்னி ரெனினை நிறுத்திடும். அழகான நெகட்டிவ் ஃபீட்பேக்.

சொர்ணாவோட கட்டியில நடந்தது, ரிலேவோட காண்டாக்ட் உருகி ஒட்டிக்கிட்ட கதை. தொட்டி வழியுது, மிதவை உச்சியில நிக்குது, மோட்டார் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. உப்பு நிக்குது, பிரஷர் ஏறுது, கண்ணு போகுது. இன்னொரு பக்கம் பொட்டாசியம் மூத்திரத்துல போய்க்கிட்டே இருக்கு. பொட்டாசியம் இல்லாம தசையோட செல் சரியா சிக்னல் எடுக்காது. தலை தொங்குது. ரெண்டு தனி வியாதின்னு நாங்க நினைச்ச குருடும் கழுத்தும் ஒரே பழுது.

மனுஷங்கள்ல இதை முதல்ல விவரிச்சவர் மிச்சிகன்ல இருந்த ஜெரோம் கான்ங்கிற டாக்டர், 1955-ல. அவர்கிட்ட வந்த பொண்ணுக்கு 34 வயசு, தசை பலவீனம், அதிக பிரஷர், குறைஞ்ச பொட்டாசியம். கட்டியை எடுத்ததும் சரியாயிடுச்சு. ஆல்டோஸ்டீரோனையே அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1953-லதான் சில்வியா சிம்ப்சன், ஜேம்ஸ் டெய்ட்னு ரெண்டு பேர் கூட்டாளிகளோட சேர்ந்து தனியாப் பிரிச்செடுத்தாங்க. ரெண்டு பேரும் பின்னால கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, லேப் பார்ட்னர் தேடுறவங்க கவனிக்க. பூனைக்கு இதே வியாதி இருக்கிறதா முதல் கட்டுரை வந்தது 1983-ல. அதுவரைக்கும் தலை தொங்கின எத்தனை பூனைகளை 'வயசாயிடுச்சு'ன்னு விட்டிருப்பாங்க!

ஸ்கேன்ல கட்டி தெரிஞ்சாலும் அது எதைச் சுரக்குதுன்னு ஸ்கேனுக்குத் தெரியாது. சில கட்டி கார்டிசாலைச் சுரக்கும். அப்ப சர்க்கரை வந்து எந்த இன்சுலினுக்கும் கட்டுப்படாது, தோல் காகிதம் மாதிரி கிழியும். சிலது பாலியல் ஹார்மோன். கருத்தடை பண்ணின பூனை திடீர்னு கடுவன் மாதிரி சுவத்துல மூத்திரம் அடிக்க ஆரம்பிக்கும். அட்ரீனலோட உள்பக்கத்துலேர்ந்து வர்ற, அட்ரினலின் கொட்டுற கட்டியும் உண்டு, அது பூனைக்கு ரொம்ப அபூர்வம். சிலது எதையும் சுரக்காது, சும்மா உட்கார்ந்திருக்கும். அதனால ஹார்மோனை அளக்கணும்.

ஆல்டோஸ்டீரோன் மூலக்கூறு பூனைக்கும் மனுஷனுக்கும் ஒண்ணுதான். அதனால மனுஷங்களுக்கான ஒரு லேப்லயே கொடுக்கலாம்னு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தாங்க. லேப் சாஃப்ட்வேர்ல 'என்ன விலங்கு'ன்னு ஒரு கட்டம் இல்ல. ரெண்டு நாள்ல என் போனுக்கு ரிப்போர்ட் வந்துச்சு: செல்வி சொர்ணாக்கா, வயது 13, பெண். கீழ, 'உங்கள் மகப்பேறு மருத்துவரை அணுகவும்'னு ஏதோ விளம்பரம். அளவுக்குப் பக்கத்துல தடிமனா 'எச்'. மனுஷனோட வரம்பு பூனைக்குப் பொருந்தாது, பூனையோட வரம்பை வச்சுப் பார்த்தாலும் அது எங்கயோ இருந்துச்சு. ரெனினையும் சேர்த்து அளந்து விகிதம் போடுறதுதான் முறை. மிதவை ஆஃப், மோட்டார் ஆன், அதைக் காட்டுற விகிதம். ஆனா அதுக்கு ரத்தம் நிறைய வேணும், எடுத்த உடனே பிரிச்சு உறைய வைக்கணும். டாக்டரம்மா சொன்ன லாஜிக் எனக்குப் போதுமானதா இருந்துச்சு. பொட்டாசியம் குறைஞ்சாலே ஒழுங்கான அட்ரீனல் ஆல்டோஸ்டீரோனைக் குறைச்சிடணும். 2.4-லயும் ஒருத்தன் குறைக்காம ஓட்டுறான்னா அவன்கிட்ட ஏதோ கோளாறு.

வைத்தியம் ரெண்டு வழி. ஒண்ணு, கட்டியை அட்ரீனலோட சேர்த்து வெட்டி எடுக்கிறது. வெளிய பரவாத கட்டியா இருந்து, ஆபரேஷனைத் தாண்டிட்டா, முழுசா குணமாகி மாத்திரையே இல்லாம வருஷக்கணக்கா வாழுற பூனைகள் உண்டு. ஆனா அட்ரீனல் இருக்கிற இடம் மோசம். உடம்போட பெரிய சிரை பக்கத்துலயே ஓடுது. வலது அட்ரீனல் அதோட ஒட்டியே இருக்கும், இடது கொஞ்சம் தள்ளி. கட்டி சிரைக்குள்ள வளர்ந்திருக்கான்னு சிடி ஸ்கேன் பார்க்கணும். ரத்தப்போக்குதான் பெரிய பயம். இன்னொரு வழி, கட்டியை விட்டுட்டு அது பண்ற வேலையைத் தடுக்கிறது. ஆல்டோஸ்டீரோன் போய் உட்கார்ற இடத்தை அடைக்க ஸ்பைரோனோலாக்டோன், குறையுற பொட்டாசியத்தை நிரப்ப சிரப், பிரஷருக்கு அம்லோடிபின். குணமாகாது, ஓட்டலாம். எந்த வழின்னாலும் முதல்ல பொட்டாசியத்தை ஏத்தியாகணும். அதையும் டிரிப்ல மெதுவாத்தான் ஏத்தணும், வேகமாப் போனா இதயம் நின்னுடும். மூணு நாள் அங்கயே அலைஞ்சோம்.

நான் ஆபரேஷன் கட்சி. இன்டர்ன்ஷிப்ல வந்த காசு அப்படியே இருந்துச்சு, லேப்டாப் மாத்தலாம்னு வச்சிருந்தது. பிரைவேட்ல விசாரிச்சேன். சிடி, ஆபரேஷன், அப்புறம் ஐசியு, எல்லாம் சேர்த்து அவங்க சொன்ன தொகை என் காசுக்கு மேல, அப்பாவோட மூணு மாசக் கூலிக்குப் பக்கத்துல. வீட்டுல பேச்சு எடுத்தேன். அம்மா எதுவும் சொல்லல. ஆயா "காசை என்னத்துக்குக் கரைக்கிற"ன்னாங்க. அப்பா, "பதிமூணு வயசு. வயித்தக் கிழிச்சு அவ எழுந்திரிக்கலன்னா நான் அந்தப் பலகையில எப்படி உட்காருவேன்? மாத்திரை குடுப்போம்"னார். எனக்குக் கோவம் வந்துச்சு. "உங்களுக்குக் காசுதான் பெருசு, நேரா சொல்லுங்க"ன்னேன். அவர் எழுந்து போய் தறிக்குழியில உட்கார்ந்துட்டார். நாடா சத்தம் வர ஆரம்பிச்சுடுச்சு. எங்க வீட்டுல அதுதான் சண்டை முடிஞ்சதுக்கு அறிகுறி.

மறுநாள் மெடிக்கல்ல மருந்து வாங்கிட்டு வந்து தரையில பரப்பி வச்சேன். அம்லோடிபின் 2.5 மில்லிகிராம் மாத்திரையை நாலா வெட்டி, ஒரு கால் பாகம் தினம் ஒருதடவை. (இதை டாக்டர் சொல்லாம நீங்களா பண்ணிடாதீங்க.) பிளேடை வச்சு வெட்டப் பார்த்தா பொடிப்பொடியா போச்சு. அப்பா வந்து பக்கத்துல உட்கார்ந்து பிளேடை வாங்கினார். பதினாலு வயசுலேர்ந்து பட்டு இழையோட வேலை செய்யிற கை, நாலு துண்டும் அளந்த மாதிரி வந்துச்சு. அட்டையைத் திருப்பிப் பார்த்துட்டு, "இது என் மாத்திரை ஆச்சே"ன்னார்.

மாடத்துல சாமி படத்துக்குப் பின்னாலேர்ந்து எடுத்துட்டு வந்து காட்டினார். அதே அம்லோடிபின், 5 மில்லிகிராம். அட்டையில பத்துல ஆறு அப்படியே இருந்துச்சு. காலாவதி தேதி முடிஞ்சு எட்டு மாசம். "தலை சுத்துனா ஒண்ணு போடுவேன். சுத்தலன்னா எதுக்குப் போடணும்?"

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு முகாம்ல பிரஷர் இருக்குன்னு சொல்லி எழுதிக் கொடுத்திருக்காங்க. எங்க யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், ஆனா அம்மா எங்ககிட்ட சொல்லல. ராத்திரியில கால் குரக்களி இழுக்கும்னு சொல்லிக்கிட்டே இருப்பார், மிதி மிதிக்கிற காலுக்கு அது சகஜம்னு நாங்க விட்டோம். சாயங்காலம் ஆனா தலை பாரமா இருக்கும்பார், 'வயசாயிடுச்சு இல்ல'ன்னு நானே சொல்லியிருக்கேன். அவருக்கு 52. பூனையைத் தூக்கிட்டு மூணு பஸ், ஒரு ரயில் ஏறிப் போன பொண்ணு, அப்பாவை அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போகல. வேப்பேரியில அவர் அந்த ஜோக்கைச் சொன்னப்பவும் நான் கூட்டிட்டுப் போகல.

அன்னைக்கே போனோம். 174-க்கு 104. சொர்ணாவோட டாப்ளர் சத்தம் காதுல கேட்டுச்சு. நான் அங்க இருந்த டாக்டர்கிட்ட பூனைக் கதை முழுக்கச் சொல்லி, அப்பாவுக்கும் அட்ரீனல் கட்டியா இருக்குமோன்னு கேட்டேன். அவர் சிரிக்கல. மனுஷங்கள்ல இது நாம நினைக்கிற அளவுக்கு அபூர்வம் இல்ல, அதிக பிரஷர் இருக்கிறவங்கள்ல நிறைய பேருக்குக் கண்டுபிடிக்காமலே இருக்குன்னார். அப்புறம் நான் தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சுது, அமெரிக்காவோட எண்டோக்ரைன் சொசைட்டி 2025-ல கொடுத்த வழிகாட்டுதல், பிரஷர் இருக்கிற எல்லாருக்குமே ஆல்டோஸ்டீரோன் பரிசோதனை பண்றது நல்லதுன்னு சொல்லுது. அப்பாவுக்குப் பொட்டாசியம் 4.1 வந்துச்சு. முதல்ல மாத்திரையை ஒழுங்காப் போடட்டும், மூணு மருந்து போட்டும் இறங்கலன்னா அட்ரீனலைப் பார்ப்போம்னு டாக்டர் சொன்னார். ஒழுங்காப் போட்டதும் இறங்கிடுச்சு. கட்டி எல்லாம் இல்ல. மாத்திரை போடாததுதான் வியாதி. இதுல இன்னொரு வேதனை, காசுகூடத் தேவைப்பட்டிருக்காது. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்'ல பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறாங்க. இப்ப எங்க தெருவுக்கு வர்ற அக்கா அப்பா பேரையும் நோட்டுல எழுதியிருக்காங்க.

'உங்களுக்குக் காசுதான் பெருசு'ன்னு சொன்னதுக்கு நான் இன்னும் மன்னிப்பு கேக்கல. எப்படிக் கேக்குறதுன்னு தெரியல. எங்க வீட்டுல அப்படிக் கேட்டுப் பழக்கம் இல்ல.

சொர்ணா விஷயத்துல அப்பா சொன்னதுதான் நடந்துச்சு. ஆபரேஷன் பண்ணல. அது சரியான்னு இன்னும் எனக்குள்ள சண்டை இருக்கு. எட்டு வயசுப் பூனையா இருந்திருந்தா நான் விட்டிருக்கவே மாட்டேன். உங்க பூனை சின்ன வயசுன்னா, கட்டி சிரைக்குள்ள போகலன்னா, ஆபரேஷனைப் பத்தி நல்லா விசாரிங்க. பொட்டாசியம் சிரப் படு கசப்பு, முதல் வாரம் அவ நுரை கக்கி என் கையைக் கீறினா. தம்பி கண்டுபிடிச்ச வழி, கருவாட்டுத் தண்ணியில ஒருதுளி கலக்கிறது. உப்பு கூடாதுன்னு டாக்டரம்மா திட்டினாங்க. அப்புறம் உப்பு போடாம வேகவைச்ச மீன் தண்ணி. ஒன்பதாவது நாள் ஆயா வீடியோ கால் பண்ணினாங்க. போன் வழக்கம்போல நெத்தியைக் காட்டுச்சு. "பின்னாடி திருப்புங்க ஆயா"ன்னேன். தறிப்பலகையில, அப்பாவுக்குப் பக்கத்துல, தலையை நேரா வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், ஸ்டேட்டஸ் வைக்கல.

பொட்டாசியம் 3.8-க்கு வந்துச்சு, பிரஷர் 150. வலது கண்ணு திரும்பல. இடது கண்ணை வச்சுக்கிட்டு வீட்டைச் சுத்துறா, ஏறுறதுக்கு முன்னாடி மட்டும் முன்னங்காலால பலகையைத் தொட்டுப் பார்த்துக்குவா. ஜனவரியில எடுத்த ஸ்கேன்ல கட்டி 22 மில்லிமீட்டர். மூணு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கு. மாத்திரை மோட்டாரை நிறுத்தாது, தண்ணி வழியாமப் பார்த்துக்கும், அவ்வளவுதான். காலையில ஏழு மணிக்கு அப்பா தன் மாத்திரையைப் போட்டுட்டு, அவளுக்குக் கால் துண்டு வெட்டுறார். ரெண்டு அட்டையும் இப்ப சாமி படத்துக்கு முன்னாடி இருக்கு.

அடுத்த செக்கப் இந்த மாசம் கடைசியில, நம்ம செமஸ்டர் முடிஞ்ச மறுநாள். அப்பா இந்தத் தடவையும் வர்றார். கூடைக்கு அம்மா புது வலை பின்னி வச்சிருக்காங்க.